முத்திரையிட்ட நேரம்

ஜூலை 1, 2025

சொத்து அறையில் மறுபடியும் எலி. ஒரு திருட்டு வழக்கின் சேலை மூட்டையை ஓரமாகக் கடித்திருக்கிறது. அரக்கு முத்திரையை மட்டும் விட்டுவைத்திருக்கிறது. முத்திரை முழுசாக இருந்தால் உள்ளே இருப்பதும் முழுசாக இருக்கிறது என்பது எங்கள் ஸ்டேஷன் வழக்கம். மூட்டையை மேல்தட்டுக்கு மாற்றி அந்துருண்டை போட்டேன். அது பூச்சிக்கு, எலிக்கு அல்ல என்று தெரியும். கையில் இருந்தது அதுதான்.

ஸ்டேஷன் இருக்கும் கட்டடம் ஒரு காலத்தில் கருவூலமாக இருந்தது. சொத்து அறைச் சுவர் இரண்டு முழம் கனம். உள்ளே நின்றால் போனில் சிக்னல் ஒரு கோடுகூட எடுக்காது. வராந்தாவுக்கு வந்தால்தான் உலகம். வீச்சரிவாள், ரத்தம் காய்ந்த சட்டை, சாராய கேன், இப்போது அதிகமாகப் போன்களும் ஹார்ட் டிஸ்க்குகளும். நான்காவது வருடமாகச் சாவி என்னிடம்.

மத்தியானம் சம்மன் வந்தது. ஜெயசுதா வழக்கு. ஆகஸ்ட் 11. நான் ஒன்பதாவது சாட்சி. அவள் போனைப் பொட்டலம் கட்டி முத்திரை வைத்தது நான், மேலே ஒட்டிய சீட்டில் கையெழுத்து என்னுடையது. அதைச் சொல்லிவிட்டு வர வேண்டும். இரண்டு நிமிட வேலை.

மாவு அரைக்க வேண்டும்.

ஜூலை 3

சுப்புத்தாய் வந்திருந்தார். ஜெயசுதாவின் அம்மா. தீப்பெட்டி ஆபீசில் வேலை. வாய்தா இருந்தால் கோர்ட்டுக்கு வருவார், இல்லாவிட்டாலும் மாதம் ஒருமுறை ஸ்டேஷனுக்கு வந்து என் மேசைக்கு எதிரே உட்காருவார்.

வழக்கு இவ்வளவுதான். ஜெயசுதாவுக்கு முப்பத்தொரு வயது. காலண்டர் பிரஸ்ஸில் பைண்டிங் வேலை. 2022 அக்டோபர் 14, வெள்ளிக்கிழமை நண்பகலில், வீட்டில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டாள். கணவன் அருள்பாண்டிதான் அதற்குத் தூண்டினான் என்பது அம்மாவின் புகார். அடித்ததைப் பார்த்தவர் யாரும் இல்லை, கடிதமும் இல்லை. அவனுடைய போன் தொலைந்துபோனதாகச் சொன்னான். மிச்சம் இருப்பது அவள் போன் ஒன்றுதான்.

சுப்புத்தாய் என் பாட்டிலை எடுத்து, வாய் படாமல் அண்ணாந்து குடித்தார். மூன்று வருடமாக அந்தப் பாட்டில்தான். குடித்து முடித்ததும் எப்போதும் கேட்பதைக் கேட்டார்.

“ஒரு மணி நேரம் பஸ்ஸும்மா. காலையில அஞ்சரைக்கே பஸ் இருக்கு. எந்திரிச்சு எங்கிட்ட வந்திருக்கலாம்ல? நான் என்ன வராதன்னா சொன்னேன்?”

விடுங்கம்மா என்றேன். நானும் எப்போதும் சொல்வது அதுதான்.

ஜூலை 4

மோட்டாரை நிறுத்த மறந்துவிட்டேன். மாடித் தொட்டி வழிந்து பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்த துணியெல்லாம் நனைந்தது. போய் மன்னிப்புக் கேட்டேன்.

ஜூலை 8

ஆய்வக அறிக்கையின் நகல் வந்துவிட்டது. எதிர்த்தரப்பு வக்கீலுக்கும் போயிருக்கிறது. ரைட்டர் செல்லத்துரை படித்துவிட்டு என் மேசையில் வைத்தார்.

“அக்கா, அரக்குக்குள்ள தூங்குன போனு மறுநாள் சாயங்காலம் தானா கண்ணு முழிச்சு, இருவத்தி நாலு நிமிசம் ஊர சுத்திப் பாத்துட்டு, திரும்பப் படுத்துருச்சாம்.”

சிரித்தார். நானும் சிரித்தேன்.

மகஜர், அதாவது போனைக் கைப்பற்றியதற்கு எழுதிய பத்திரம், சொல்வது: அக்டோபர் 14, மாலை ஐந்தரை மணி, ஜெயசுதாவின் வீட்டில், சாட்சிகள் முன்னிலையில் போன் பொட்டலமாகக் கட்டி முத்திரையிடப்பட்டது. அறிக்கை சொல்வது: அக்டோபர் 15, மாலை 4.07 முதல் 4.31 வரை அந்தப் போன் உயிருடன் இருந்தது.

அந்த இடத்திலேயே யாரும் முத்திரை வைப்பதில்லை. சாவு வீட்டில் மெழுகுவத்தி கொளுத்தி அரக்கு உருக்கிக்கொண்டு உட்கார முடியாது. அழுகை, கூட்டம், காற்று. சாட்சிகளிடம் வெற்றுச் சீட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, பொருளைத் துணிப்பையில் போட்டு ஸ்டேஷனுக்கு வந்துவிடுவோம். மறுநாள் ஆற அமர ஒட்டுவோம். நேரம் மட்டும் முதல் நாளுடையதைப் போடுவோம். எனக்கு முன்னால் இருந்தவர் இப்படித்தான் செய்தார், அவருக்கு முன்னால் இருந்தவரும். இதைப் பொய் என்று எங்களில் யாரும் நினைத்ததில்லை. எழுத்துவேலை என்றுதான் நினைத்தோம்.

ஜெயசுதாவின் போன் கிடைத்தபோது சார்ஜ் தீர்ந்து அணைந்திருந்தது. மகஜரில் போனின் பதினைந்து இலக்க எண்ணுக்கு இடம் காலியாக விட்டிருந்தார்கள். அதை நிரப்ப, மறுநாள் நான் சார்ஜரில் போட்டு ஆன் செய்தேன். எண்ணைப் பார்த்து எழுதினேன். அணைத்தேன். ஒட்டினேன். அவ்வளவுதான்.

ஜூலை 9

இரண்டு சிம் போன். இரண்டு எண். மொத்தம் முப்பது இலக்கம். அதை எழுத இருபத்துநான்கு நிமிடம் ஆகுமா என்று கேட்டால், சார்ஜ் ஏற நேரமானது என்று சொல்லலாம்.

ஜூலை 14

அரசு வக்கீல் மீனலோசனி மேடம் கூப்பிட்டு அனுப்பினார். என்னைவிட நான்கைந்து வயது சின்னவர். கோபத்தைக் குரலில் காட்டாமல் பேனாவைத் திறந்து மூடுவதில் காட்டுபவர்.

அறிக்கையின் கடைசிப் பக்கங்களைக் காட்டினார். அருள்பாண்டிக்கும் ஜெயசுதாவுக்கும் இடையே, அவள் இறந்த அன்று காலை நடந்த வாட்ஸப் உரையாடல். அவன் பக்கம் ஏழு இடத்தில் ‘இந்தச் செய்தி நீக்கப்பட்டது’ என்று இருக்கிறது. அவள் பக்கம் மட்டும் இருக்கிறது. மேடம் அதைக் காய்கறிச் சீட்டு வாசிப்பது போல வாசித்தார்.

சரி.
சரிங்க.
எங்க போவேன்.
அம்மா அப்படி சொல்லிருக்காதே.
சரி.

அந்தப் பக்கத்தை மூடினார்.

பிறகு விஷயத்தைச் சொன்னார். அருள்பாண்டி அன்று இரவே தன் போனில் இருந்து அந்த ஏழு செய்திகளையும் எல்லோருக்குமாக நீக்கியிருக்கிறான். அப்போது இவள் போன் அணைந்திருந்ததால் நீக்கம் வந்து சேரவில்லை. மறுநாள் 4.19க்குச் சிக்னல் கிடைத்ததும் ஏழும் ஒரே மூச்சில் அழிந்திருக்கின்றன. அதாவது, பெண்டாட்டி பிணவறையில் இருக்கும்போது புருஷன் உட்கார்ந்து தன் வார்த்தைகளை அழித்துக்கொண்டிருந்தான். இதைவிடப் பெரிய ஆதாரம் இந்த வழக்கில் இல்லை என்றார்.

“ஆனா போன் அப்ப அரக்குக்குள்ள இருக்குன்னு உங்க சீட்டு சொல்லுது. ரெண்டுல ஒண்ணுதான் உண்மையா இருக்க முடியும் ஏட்டம்மா. போனோட கடிகாரம் தப்புன்னா, அவன் எப்ப அழிச்சான்னு என்னால காட்ட முடியாது, அவன் வெளிய போயிருவான். கடிகாரம் சரின்னா, சீட்டு பொய். எது?”

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

பேனாவை மூடினார். “இதுல யோசிக்க என்ன இருக்கு?”

ஜூலை 15

டி.எஸ்.பி. பவுன்ராஜ் ஐயா போன் செய்தார். ஜெயசுதா வழக்கின்போது எங்கள் இன்ஸ்பெக்டர். மகஜரில் அவர் கையெழுத்தும் இருக்கிறது. முதலில் என் மகள் படிப்பைப் பற்றி விசாரித்தார். கோயம்புத்தூரில் இரண்டாம் வருடம் என்றேன். நல்ல காலேஜ் என்றார். சார்ஜ் முழுக்கத் தீர்ந்த போனில் தேதி நேரம் எல்லாம் குழம்பிப்போகும், இது எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்றார்.

“நீ மேத்ஸ் படிச்ச பிள்ள தமயந்தி. உனக்கு நான் சொல்லணுமா. ஒரு சீட்டு பொய்னு ஆனா, நாம ஒட்டுன அத்தன சீட்டையும் கேப்பான்.”

அது உண்மைதான். தட்டுகளில் இருக்கும் பொட்டலங்களை மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். முந்நூற்றுப் பன்னிரண்டு.

ஜூலை 16

எலிப்பொறி வாங்கிவைத்தேன். விழவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

அலமாரித் துணியை எல்லாம் எடுத்து வெயிலில் போட்டேன். குளிர்சாதனப் பெட்டியைத் துடைத்தேன். திரும்பவும் துடைத்தேன். இன்றைக்கு உனக்கு என்ன ஆச்சு என்று வீட்டுக்காரர் கேட்டார். கரண்ட் ஆபீசில் வேலை பார்ப்பவர். கம்பி சூடாகிறதா என்று தொடாமலே சொல்லிவிடுவார். ஒன்றுமில்லை என்றேன்.

மகளுக்கு, மழைக்கோட்டு எடுத்துக்கொண்டு போ என்று அனுப்பினேன். “சரிம்மா” என்று பதில் வந்தது. எப்போதும் வரும் பதில்தான். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். பிறகு எடுத்துக் கூப்பிட்டேன். மூன்றாவது ரிங்கில் எடுத்தாள். என்னம்மா என்றாள். சும்மா என்றேன்.

எட்டாம் தேதி எழுதியதைத் திருத்த வேண்டும். எண்ணை எழுதியதும் நான் ஜெயசுதாவின் போனை அணைக்கவில்லை. அதற்குப் பூட்டு இல்லை. பூட்டுப் போட அவன் விடமாட்டான் என்று சுப்புத்தாய் முதல் நாளே சொல்லியிருந்தார். அதனால் தொட்டதும் திறந்தது. எனக்கு அதில் வேலை இல்லை, நான் விசாரணை அதிகாரி இல்லை. ஆனால் முகப்பில் அவள் படம் இருந்தது, மஞ்சள் சுடிதாரில், பாதிக் கண் மூடியபடி. வாட்ஸப்பைத் திறந்தேன்.

ஏழும் இருந்தன. சொத்து அறைக்குள் சிக்னல் இல்லாததால் இருந்தன. ஸ்டூலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தேன். இரண்டு தடவை படித்தேன்.

ஜூலை 21

மற்ற ஆறும் பரவாயில்லை. ஐந்தாவதுதான்.

ஜூலை 27

எழுதிவிடுகிறேன். எழுதினால் ஒருவேளை உட்கார முடியும்.

மகஜர் நகலில் நிரப்ப எண்ணைப் படிக்கச் சொல்லி வராந்தாவில் இருந்து செல்லத்துரை சத்தம் கொடுத்தார். திறந்திருந்த போனோடு எழுந்து வெளியே போனேன். எண்ணை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தபோது போன் கையில் அதிர்ந்தது. பார்த்தேன். முதல் செய்தி போனது. இரண்டாவது. ஒவ்வொன்றும் சாம்பல் நிற வரியாக மாறிக்கொண்டே வந்தது. என்ன நடக்கிறது என்று புரிவதற்குள் ஏழும் போய்விட்டன. அவளுடைய சரிகள் மட்டும் நின்றன.

உள்ளேயே இருந்திருந்தால் இருக்கும். சிம்மைக் கழற்றிவிட்டு ஆன் செய்திருந்தால் இருக்கும். என் போனில் ஒரு படம் எடுத்திருந்தாலும் இருக்கும். ஐந்து அடி. வாசற்படிக்கு இந்தப் பக்கத்தில் இருந்து அந்தப் பக்கம்.

“என்னக்கா, கடைசி நாலு நம்பர் சொல்லுங்க” என்றார் செல்லத்துரை. சொன்னேன். உள்ளே போய் அணைத்தேன். அரக்கு உருக்கினேன். நேரத்தில் ஐந்தரை என்றும் தேதியில் பதினான்கு என்றும் எழுதினேன். அந்தச் சீட்டு அழகாக ஒட்டப்பட்டிருக்கிறது. அறிக்கையோடு வந்த புகைப்படத்தில் பார்த்தேன்.

ஆகஸ்ட் 5

சுப்புத்தாய் வந்தார். கோர்ட்டில் என்ன சொல்லப் போகிறேன் என்று கேட்கவில்லை. தண்ணீர் குடித்தார். பிரஸ்ஸில் ஜெயசுதா கடைசியாக மடித்த காலண்டரை இன்னும் வீட்டில் மாட்டியிருக்கிறாராம், வருடம் மாறியும் எடுக்கவில்லையாம்.

“ஏம்மா எங்கிட்ட வரல அவ?”

இந்த முறை விடுங்கம்மா என்று சொல்லவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போனார்.

ஆகஸ்ட் 8

மீனலோசனி மேடத்திடம் போய், போனின் கடிகாரம் சரிதான் என்றேன். சீட்டு மறுநாள் ஒட்டப்பட்டது, போனை ஆன் செய்தது நான்.

பேனாவைத் திறந்து மூடினார். “வேலை போகலாம். தெரியும்ல?”

தெரியும் என்றேன்.

“நேரத்த மட்டும் சொல்லுங்க. எனக்கு அது போதும். வேற எதுவும் இருக்கா?”

இல்லை என்றேன்.

ஆகஸ்ட் 10

சட்டையை இரண்டு தடவை இஸ்திரி போட்டேன். வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, சம்பளம் நின்றால் என்ன செய்வது என்று கேட்பார் என நினைத்தேன். அந்த அம்மா கோர்ட்டில் இருப்பார்களா என்று மட்டும் கேட்டார்.

ஆகஸ்ட் 11

இருந்தார். தன் சாட்சியம் போன வருடமே முடிந்துவிட்டதால் உள்ளே உட்காரலாம். கடைசி பெஞ்சில், சுவரோரம்.

மேடம் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொன்னேன். 14ஆம் தேதி முத்திரையிடவில்லை. 15ஆம் தேதி 4.07க்கு ஆன் செய்தேன். 4.31க்கு அணைத்தேன். சீட்டில் இருக்கும் நேரம் தவறு, தவறு என்று தெரிந்தே எழுதினேன். நீதிபதி தலையைத் தூக்கிப் பார்த்தார். தட்டச்சுச் சத்தம் ஒரு கணம் நின்று திரும்பத் தொடங்கியது.

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். வயதானவர், நிதானமானவர். என்னை ஏசவில்லை. இருபத்துநான்கு நிமிடம் அந்தப் போன் என் கையில் இருந்தது என்பதை மூன்று விதமாகச் சொல்லவைத்தார். பிறகு கேட்டார்.

“அந்த நேரத்துல அந்தச் செய்திகளை நீங்களே அழிச்சீங்கன்னு நான் சொல்றேன்.”

“இல்லைங்க.”

“அழிக்கலன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? அதுல என்ன இருந்துச்சுன்னே தெரியாதே உங்களுக்கு.”

தெரியாது என்று சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். மேடத்தின் கை பேனா மேல் இருந்ததைப் பார்த்தேன்.

“தெரியும்” என்றேன். “நான் படிச்சேன்.”

வக்கீல் இதை எதிர்பார்க்கவில்லை. முன் வாக்குமூலத்தில் இல்லாததைச் சாட்சி சேர்க்கிறார் என்று ஆட்சேபித்தார். நீதிபதி ஆட்சேபத்தைக் குறித்துக்கொண்டு, என்ன படித்தீர்கள் என்றார்.

வரிசையாகச் சொன்னேன். நான் வரும்போது நீ வீட்டில் இருக்கக் கூடாது. எங்கே போவாய் என்பது என் கவலை இல்லை. ஒன்பது வருடம் சகித்தது போதும். செத்துத் தொலைப்பேன் என்று பயம் காட்டுகிறாயே, அதற்கும் உனக்குத் தைரியம் கிடையாது. நான்கும் சொன்னேன். ஐந்தாவதற்கு வந்ததும் நிறுத்தினேன். கடைசி பெஞ்சைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். முந்தானையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆறாவதுக்குத் தாவியிருக்கலாம். எண்ணிக் கேட்பவர் யாருமில்லை. ஆனால் அவனுடைய ஐந்தாவதுக்கு அவள் எழுதிய பதில் அறிக்கையில் இருக்கிறது. அம்மா அப்படி சொல்லிருக்காதே.

“உங்க அம்மாகிட்ட போன்ல பேசிட்டேன். நீ அங்க வரவேண்டாம்னு அவளும் சொல்லிட்டா.”

அதைச் சொன்னேன். ஆறும் ஏழும் சொன்னேன். அவை நினைவில் இருந்து தானாக வந்தன, எனக்குக் கேட்கவில்லை. கடைசி பெஞ்சில் இருந்து ஏதும் சத்தம் வரவில்லை. அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வெளியே வந்தபோது வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். அருகில் போனேன். பாட்டிலை எடுத்து நீட்டினேன். பழக்கம். அதைப் பார்த்தார், வாங்கவில்லை.

“அவன் எனக்குப் போனே பண்ணலம்மா.”

“தெரியும்.”

“தெரியுமா?” என்றார். பிறகு மிக மெதுவாக, “மூணு வருசமா இதத்தானம்மா நான் உங்ககிட்ட கேட்டுக்கிட்டு இருந்தேன்.”

ஆகஸ்ட் 19

துறை நடவடிக்கைக்கான பதினேழு பி மெமோ வந்துவிட்டது. மூன்று குற்றச்சாட்டுகள். மூன்றுக்கும் உண்மை என்று பதில் எழுதினேன். செல்லத்துரை பார்த்துவிட்டு, இப்படியெல்லாம் எழுதக் கூடாதுக்கா, இதுக்குன்னு ஒரு வாசகம் இருக்கு என்றார். அந்த வாசகத்தைத் தானே எழுதித் தருவதாகவும் சொன்னார். வேண்டாம் என்றேன். போகத் திரும்பியவர், அன்று தன்னால்தான் நான் வராந்தாவுக்கு வந்தேன் என்பது தனக்கு இப்போதுதான் தெரியும் என்றார். டீ வாங்கிவந்து வைத்துவிட்டுப் போனார்.

ஆகஸ்ட் 22

எலி விழுந்தது. பெரியது.

செப்டம்பர் 15

தீர்ப்பு. அருள்பாண்டிக்கு ஏழு ஆண்டு.

மீனலோசனி மேடம் தீர்ப்பின் ஒரு பத்தியை எனக்காக வாசித்துக் காட்டினார். போனின் நேரக் குறிப்பும், ஏழு செய்திகளும் மரணத்துக்குப் பிறகு நீக்கப்பட்டதும், அவற்றுக்கு இறந்தவர் எழுதிய பதில்களும் போதுமானவை. ஒன்பதாவது சாட்சியின் செயல் கடும் கண்டனத்துக்குரியது. நீக்கப்பட்ட செய்திகளில் இருந்ததாக அவர் மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு கூறியதை இந்த நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. நேரம் மட்டும் போதும் என்று மேடம் அன்றே சொன்னார்.

சுப்புத்தாய் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் புதுத் தண்ணீர் பாட்டில், பச்சை மூடி. நான் போய் நின்றதும் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். உட்கார்ந்தேன்.

“நீங்க சொன்னத கோர்ட்டு எடுத்துக்கலயாம். வக்கீலம்மா சொன்னாங்க.”

ஆமாம் என்றேன்.

“நான் எடுத்துக்கிட்டேன்” என்றார். பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டே, “காலண்டர கழட்டிட்டேன்” என்றார்.

போன் எப்போது கைக்கு வரும் என்று கேட்டார். மேல்முறையீட்டுக் காலம் முடிந்ததும் ஸ்டேஷனில் வைத்துக் கொடுப்பார்கள் என்றேன்.

“நீங்க குடுக்க வேண்டாம்மா. வேற யாராச்சும் குடுக்கட்டும்.”

செப்டம்பர் 17

ஆயுதப்படைக்கு மாற்றல். சொத்து அறைச் சாவியை ஒப்படைக்கப் பட்டியல் எழுதினேன். ஒவ்வொரு பொட்டலமாக எடுத்து, துடைத்து, பார்த்து எழுத நாள் முழுக்க ஆனது. முந்நூற்றுப் பன்னிரண்டு சீட்டுகள். எத்தனை நேரங்கள் உண்மை என்று எனக்குத் தெரியாது. அதையும் குறிப்புக் கட்டத்தில் எழுதினேன்.

கடைசி வரி, கோர்ட்டில் இருந்து திரும்பி வர வேண்டியது: கைப்பேசி ஒன்று, கறுப்பு, சுப்புத்தாயிடம் ஒப்படைக்க. யார் ஒப்படைக்க வேண்டும் என்ற கட்டத்தில் ‘புதிய பொறுப்பாளர்’ என்று எழுதினேன்.

கீழே கையெழுத்து, தேதி. பேனாவை வைத்துவிட்டு எழுந்து, வாசற்படியைத் தாண்டி வராந்தாவுக்குப் போய்ச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வந்து நேரத்தைப் போட்டேன். மாலை 5.52.